கேமராவுக்கு வைத்த பொட்டு

மாரிசாமிக்குத் தன் சகலை செல்வராஜ் மேல் பொறாமை என்று அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கேட்டால், அவன் நல்லா இருந்தா எனக்கென்ன கசக்குதா என்பான். ஆனால் செல்வராஜ் புதுக் கார் எடுத்த வாரம் மாரிசாமி தன் பழைய காரை மூன்று தரம் கழுவினான். செல்வராஜ் நாலு மணி நேரம் தள்ளி ஃபிரிஸ்கோ என்ற ஊரில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்றைக்கு மாடி, கராஜ், பின்பக்கத்துப் புல்தரை எல்லாம் சுற்றிப் பார்த்தான். கடைசியில் பாத்ரூம் கதவை ஒரு இழு இழுத்துத்தான் சாத்தவேண்டியிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து நாலு பேர் காதில் போட்ட பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு இறங்கியது.

சாந்தாமணி, ஸ்வர்ணா என்று அக்கா தங்கை இரண்டு பேர். உடுமலைப்பேட்டைப் பக்கம். மூத்தவளைக் கட்டினவன் மாரிசாமி, இளையவளைக் கட்டினவன் செல்வராஜ். மாரிசாமி வெல்டர். கப்பல் பட்டறை கப்பல் பட்டறையாக அலைந்து, கடைசியில் ஹூஸ்டன் பக்கம் ஒரு குழாய் யார்டில் பதின்மூன்று வருஷமாகக் குனிந்து நிமிர்கிறவன். முழங்கை வரைக்கும் தீப்பொறி சுட்ட புள்ளிகள். செல்வராஜ் கம்ப்யூட்டர்காரன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிப்போகும் என்று பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தேதியைச் சரி பண்ணுகிறதுதான் அவனுக்கு வேலை. உட்கார்ந்த இடத்தில் தேதியை மாற்றுகிறவனுக்கு இத்தனை சம்பளமா என்று மாரிசாமி சாந்தாமணியிடம் மட்டும் கேட்டிருக்கிறான்.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று கிடந்தது. மாரிசாமி தன் கல்யாணத்தன்று ரிஜிஸ்டரில் கட்டைவிரலை உருட்டியவன். அதற்கப்புறம்தான் சாந்தாமணி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். இங்கிலீஷ் எழுத்தை ஹூஸ்டனில் ஒரு சர்ச்சில் நடந்த சாயங்கால வகுப்பில், நாற்பது வயசில், பின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தான். மாமனார் வீட்டில் அவனுக்குக் கைநாட்டு மாப்பிள்ளை என்று ஒரு பேர் ஓடியது. செல்வராஜ் வந்து சேர்ந்ததும் அந்தப் பேர் நின்றது. அதோடு மாப்பிள்ளை என்ற பேரும் நின்றது. மாப்பிள்ளை என்றால் செல்வராஜ், பெரியவர் என்றால் மாரிசாமி. மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதைதான் உறுத்தியது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாரிசாமி பெரிய ஆளாக இருந்தான். ஹூஸ்டனிலிருந்து ஐ-10 ஃப்ரீவேயில் மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால், கொலம்பஸ் ஊரைத் தாண்டி ஹென்றி என்ற கிழவருடைய நிலம். ஓக் மரமும் முள்ளும் ஒரு ஓடையும். யார்டில் கூட வேலை செய்தவன் ஒருத்தன் சொல்லி, வருஷக் குத்தகைக்கு மான் வேட்டையாட அங்கே சேர்ந்தான். மரத்தில் ஏறி உட்காருகிற தட்டை எங்கே வைக்க வேண்டும், காற்று எப்போது திரும்பும், மான் எந்தப் பக்கம் இறங்கும் என்று நான்கு சீசனில் படித்துக்கொண்டான். ஹென்றியே அவனைக் கேட்டுத்தான் மானுக்கு மக்காச்சோளம் கொட்டுவார். வாரம் பூராவும் ஃபோர்மேன் கத்தலைக் கேட்டவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு இனிக்கும்.

அதைப் போய் ஒரு பொங்கல் விருந்தில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். அடுத்த சீசனுக்குச் செல்வராஜும் குத்தகையில் பாதி எடுத்துக்கொண்டான். ஏனுங்ணா, நானும் வரட்டுங்களா என்று வாய் நிறையக் கேட்டான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வந்த முதல் காலையே ஒரு பெட்டை மானைச் சுட்டான். மாரிசாமிக்கு முதல் மான் கிடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் செப்டம்பரில் ஹென்றி ஒரு சேதி சொன்னார். ஒரு பெரிய கடா மான் ஓடைப் பக்கம் திரிகிறது, பத்துக் கிளைக் கொம்பு, இடது கொம்பில் ஒரு நுனி உடைந்திருக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் பெரிய கடா வருஷத்துக்கு ஒன்றுதான் சுடலாம். ஓடைக்கரையில் கால் நட்டுக் கட்டின பரணும் ஒன்றுதான். முன்னே குத்தகைக்கு இருந்தவர்கள் சொந்தக்காரர்கள், யார் பரணில் உட்காருவது என்று சண்டை போட்டு ஜென்மத்துக்கும் பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம். அதனால் ஹென்றி ஒரு விதி வைத்தார். காட்டில் கட்டி வைக்கிற கேமராவை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சீசன் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படங்களைக் கொண்டுவாருங்கள். அந்தக் கடாவை எவன் கேமரா முதலில் பிடித்ததோ அவனுக்குத் திறப்பு நாளன்று ஓடைப் பரண். மற்றவன் ரோட்டோரப் பரணில் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மாரிசாமி யார்டிலிருந்து நேராகக் கடைக்குப் போனான். மூன்று விதம் இருந்தது. முதலாவது கேமராவே இல்லை. ஒரு கடிகாரமும் நூலும். மான் நூலை முட்டினால் கடிகாரம் நின்றுவிடும். வந்தது மானா, பக்கத்துவீட்டு மாடா என்று தெரியாது. இரண்டாவது, சாதாரண ஃபிலிம் கேமராவைத் தகரப்பெட்டியில் வைத்து, அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு சின்ன சன்னல் வைத்தது. அந்தச் சன்னல்தான் கண். சூடான உடம்பு எதிரே அசைந்தால் அதற்குத் தெரியும், உடனே ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்கும். மூன்றாவதும் அதே மாதிரிதான். ஆனால் படத்தின் மூலையில் தேதியும் மணியும் விழும், ஷட்டர் சத்தம் கேட்காது, பூட்டு உண்டு. மாரிசாமி மூன்றாவதைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, விலையையும் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு இரண்டாவதை வாங்கினான்.

அதோடு வந்த புத்தகத்தை நாலு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விரல் வைத்துப் படித்தான். தெரியாத வார்த்தையைத் தாளில் எழுதிக்கொண்டு யார்டில் கேட்டான். இடுப்பு உயரத்துக்குக் கட்டு. சூரியன் பார்க்கக் கட்டாதே. எதிரே நீளப் புல் இருந்தால் வெட்டு, வெயிலில் சூடான புல் ஆடினால் கூடப் படம் எடுத்துவிடும். கையுறை போடு, இல்லாவிட்டால் உன் வாசனைக்கு மான் அந்தப் பக்கமே வராது. கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு எழுதியிருந்தது, அதை இரண்டு தரம் படித்தான். வெள்ளைச் சன்னலில் சேறோ தூசியோ படியக்கூடாது. படிந்தால் கண் குருடு.

முதல் சுருளில் இருபத்துநாலு படம். இருபத்திரண்டில் ஹென்றியின் மாட்டுடைய பின்பக்கம். ஒன்றில் மரநாய் மாதிரி ஒரு ஜந்து. ஒன்றில் மாரிசாமியே, வாயைத் திறந்துகொண்டு. சாந்தாமணி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அப்பார்ட்மெண்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஆனாலும் மாரிசாமிக்குச் சந்தோஷமாக இருந்தது. இது தன் பெட்டி, தான் படித்து வாங்கியது.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் செல்வராஜ் ஃபோன் பண்ணி, ஏனுங்ணா, நானும் ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன் என்றான். மூன்றாவது விதம். தேதி விழுகிறது, பூட்டுப் போட்டது. புக்கைப் படிச்சியா தம்பி என்று மாரிசாமி கேட்டான். அதையெல்லாம் யாருங்ணா படிப்பாங்க, ஆன் பண்ணினா தானா ஓடுது என்று செல்வராஜ் சிரித்தான். மாரிசாமி ஃபோனை வைத்துவிட்டு, குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். குப்பை நிறைந்திருக்கவில்லை.

ஆயுத பூஜை அந்த வருஷம் திங்கட்கிழமை. வேலை நாள். அதனால் சாந்தாமணி பூஜையை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டாள். ஸ்வர்ணாவும் செல்வராஜும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். ஹாலில் சாமி படத்துக்கு முன்னால் துணி விரித்து எல்லாம் வைத்தாயிற்று. மாரிசாமியின் வெல்டிங் முகமூடி, சுத்தியல், இரண்டு ஸ்பேனர், சாந்தாமணியின் தையல் மெஷின், செல்வராஜின் லேப்டாப், இரண்டு பேருடைய துப்பாக்கிகள், இரண்டு கேமராப் பெட்டிகள். செல்வராஜ் காலையில்தான் புது ஃபிலிம் போட்டு, ஹாலில் நாலு படம் எடுத்துச் சோதித்து, ஆஃப் பண்ணிப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான்.

சாந்தாமணி சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மோதிர விரலால், சின்னச் சின்னதாக, அதன் மேல் ஒரு குங்குமம். பாதியில் குக்கர் சத்தம் போட்டது. கிண்ணத்தை ஸ்வர்ணாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஸ்வர்ணா லேப்டாப் வரைக்கும் வைத்தாள். அப்புறம் தேங்காய் உடைக்க யாரும் இல்லை என்று சாந்தாமணி அவளையும் கூப்பிட்டாள். மாமா, மிச்சத்துக்கு நீங்க வெச்சிடுங்க என்று அவள் கிண்ணத்தை மாரிசாமியிடம் நீட்டினாள்.

மிச்சம் இரண்டு கேமராதான்.

தன் பெட்டிக்கு மேல்மூடியில் வைத்தான். ஒரு துளி. பிறகு செல்வராஜின் பெட்டி. பச்சையும் கறுப்புமாக, கீறல் இல்லாமல், கடை வாசனையோடு இருந்தது. அதன் வெள்ளைச் சன்னல் அவனையே பார்த்தது. செல்வராஜ் பால்கனியில் யாரிடமோ ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தான். மாரிசாமி மோதிர விரலை எடுக்கவில்லை. கட்டைவிரலைக் கிண்ணத்தில் முக்கி, அந்தக் கண்ணின் மேல் அழுத்தி ஒரு உருட்டு உருட்டினான். ரிஜிஸ்டரில் உருட்டின மாதிரியே. சன்னல் பூராவும் சந்தனம் அப்பிக்கொண்டது. நடுவில் ஒரு குங்குமம் வைத்தான். பார்க்க லட்சணமாக, அம்மன் நெற்றி மாதிரி இருந்தது.

பூஜையில் வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? கார் கண்ணாடியில் வைத்தால் கூட அது தானாக உதிர்கிற வரைக்கும் விட்டுவிடுகிற ஜாதி நாம். செல்வராஜ் கம்ப்யூட்டர் படித்திருந்தாலும் அதில் மாற்றம் இல்லை. மத்தியானமே இரண்டு பேரும் ஹென்றி நிலத்துக்குப் போனார்கள். மாரிசாமி மான் தடத்துக்குக் குறுக்கே ஓடை போகிற இடத்தில் கட்டினான். செல்வராஜ் இருநூறு அடி மேலே, அதே தடத்தில். கட்டி, திறந்து ஆன் பண்ணிப் பூட்டிவிட்டு, அக்கா பூஜை பண்ணிக் கொடுத்திருக்கிறது, கட்டாயம் மாட்டும் என்று பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாரிசாமி ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மாரிசாமி போய்த் தன் சுருளை எடுத்துவந்தான். சுகர் லேண்டில் ஒரு மணி நேரத்தில் படம் கழுவிக் கொடுக்கிற கடை. வாசலில் காருக்குள் உட்கார்ந்தே உறையைப் பிரித்தான். மாடு, மாடு, பெட்டை மான், ஒன்றுமில்லாத இருட்டு, மாடு. பத்தொன்பதாவது படத்தில் கடா நின்றது. ஃபிளாஷில் கண் இரண்டும் பச்சையாக எரிய, கொம்பு பாதி மரக்கிளையோடு கலந்து, இடது நுனி உடைந்து. கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் அதுதான். அவன் கேமராவில் தேதி விழாது. உறையின் மேல் கடைக்காரன் அடித்திருந்த தேதி இருந்தது, அது போதும். வீடு வருகிற வரைக்கும் மாரிசாமி ரேடியோவோடு சேர்ந்து பாடினான்.

ஜெயித்தாகிவிட்டது. இனிமேல் அந்தச் சந்தனம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் வந்து பார்த்தால், ஒரு வாரம் சுருள் அசையவில்லை என்று தெரியும், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பெட்டியும் தெரியும். படித்தவன் யோசிப்பான். அதனால் வியாழக்கிழமை யார்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய துண்டும் எடுத்துக்கொண்டு மாரிசாமி புறப்பட்டான். சாந்தாமணிக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தான்.

காய்ந்த சந்தனம் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டை நனைத்து, பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டைவிரலால் தேய்த்தான். பாதி வந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அழுத்தித் தேய்த்தான். சன்னல் வெள்ளையாக வந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தான்.

ஃபிளாஷ் அடித்தது.

நாலு சாயங்காலம் விரல் வைத்துப் படித்தவன். சூடான உடம்பு எதிரே அசைந்தால் படம் எடுக்கும் என்று யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். துடைக்கிற அவசரத்தில், துடைத்து முடித்ததும் அந்தக் கண் திறக்கும் என்பதை மட்டும் மறந்துபோனான். கொஞ்ச நேரம் கண்ணுக்கு முன்னால் மஞ்சளாக ஒரு வட்டம் மிதந்தது. பிறகு அந்தக் கண்ணுக்கு எதிரே படாமல் பக்கவாட்டில் நகர்ந்து பூட்டைப் பார்த்தான். சின்னப் பூட்டு. யார்டில் அவன் அறுக்கிற சங்கிலிகளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. காரில் கட்டரும் இருந்தது. அறுத்து ஃபிலிமை இழுத்து வெளிச்சத்தில் காட்டிவிடலாம். பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்த் திருட்டுப் போயிற்று என்று சொல்லலாம், காட்டுக் கேமரா திருட்டுப் போவது நடக்கிற காரியம்தான். கட்டரை எடுத்துவந்து பூட்டில் வைத்துக்கூடப் பார்த்தான். பொட்டு வைத்தது ஒரு உருட்டு. அறுப்பது திருட்டு. அந்தத் தூரம் போக அவனுக்குத் தைரியம் இல்லை. கட்டரைக் காரில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். பல்வலியா, யார்டிலிருந்து ஃபோன் பண்ணினார்கள் என்று சாந்தாமணி கேட்டாள். ஆமாம் என்றான். எங்கே போயிருந்தீங்க என்று அவள் கேட்கவில்லை. துண்டில் இருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தனியாக அலசிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு நாலு பேரும் இரண்டு காரில் போனார்கள். செல்வராஜ் சாவி போட்டுத் திறந்து சுருளை எடுத்தான். கொலம்பஸில் கொடுத்துக் கழுவிக்கொண்டு, ஹென்றியின் பிக்கப் வண்டிப் பின்பலகையை இறக்கி அதன்மேல் படங்களைப் பரப்பினார்கள். மாரிசாமியின் படத்தையும் உறையையும் ஹென்றி கண்ணாடி போட்டுப் பார்த்து, செவ்வாய், நல்லது என்றார். பிறகு செல்வராஜின் படங்கள்.

முதல் நாலு, ஹாலில் எடுத்தது. ஸ்வர்ணா கையாட்டுகிறாள், சாந்தாமணி முகத்தை மூடிக்கொள்கிறாள். அடுத்தது மாரிசாமி.

படம் நிறைய அவன் முகம்தான். ஃபிளாஷில் வெள்ளையாக வெளிறி, மூக்குத் துவாரம் வரைக்கும் தெரிகிற மாதிரி. முகத்துக்கு முன்னால் ஒரு கட்டைவிரல், நகத்தடியில் மஞ்சளாகச் சந்தனம். மூலையில் சிவப்பு எழுத்தில் வியாழக்கிழமைத் தேதி, காலை பதினொன்று பத்து. அதற்கு அப்புறம் வெள்ளி விடியற்காலையில் கடா. கொம்பு முழுசாக, ஒவ்வொரு நுனியும் எண்ணுகிற மாதிரி, மூக்கில் ஈரம் மின்ன. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் போல ஒரு படம். அந்த நிலைமையிலும் மாரிசாமி அதைப் பார்த்து, நம்முடையது ஏன் இப்படி விழவில்லை என்று நினைத்தான்.

செல்வராஜ் படங்களை வரிசையாக வைத்தான். தேதி பார்க்கிறதுதானே அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழன் வரைக்கும் ஒன்றும் இல்லை. அண்ணன் வந்து துடைத்த பிறகுதான் படமே விழ ஆரம்பித்திருக்கிறது. அவன் முகம் மலர்ந்தது. அண்ணன் பார்த்துத் துடைத்துவிட்டிருக்கிறார், வேலையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து, சொல்லிக்கொள்ளவும் இல்லை பாருங்கள் என்று சாந்தாமணியிடம் சொன்னான். உடனே ஸ்வர்ணா பக்கம் திரும்பினான். பொட்டு வைக்க வேறே இடமே கிடைக்கலையா உனக்கு, நாலு நாள் போச்சு, அதுக்குள்ள எத்தனை தரம் நடந்திருக்குமோ, கிண்ணம் உன் கையிலதானே இருந்தது என்று பிடித்துக்கொண்டான். ஸ்வர்ணாவுக்கு ஞாபகம் இல்லை. லேப்டாப்புக்கு வைத்தது நினைவிருக்கிறது, அப்புறம் தேங்காய். நான்தான் வெச்சிருப்பேனோ என்னமோ என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஹென்றி ஒன்றும் புரியாமல் ஒவ்வொருத்தர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிசாமி சாந்தாமணியைப் பார்த்தான். அவள் படத்திலிருந்த கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பிடித்து எழுத்துப் பழக்கியவள். டிபன் டப்பாவின் மூடியைத் திரும்ப மூடினாள்.

"ஸ்வர்ணாவைத் திட்டாதே தம்பி. அதை வெச்சது நான்."

செல்வராஜ் சிரித்தான். "தெரியாம வெச்சிருப்பீங்கங்ணா. அதுக்கென்ன இப்ப."

இந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பரணும் அவனுக்கு, பேரும் அவனுக்கு. மாரிசாமிக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"தெரிஞ்சுதான் வெச்சேன். புக்குல போட்டிருந்தது. கண்ணை மறைச்சா படம் விழாதுன்னு."

"எதுக்கு?"

"உன்னுது நல்ல கேமரா."

செல்வராஜின் முகம் சுருங்கி, காது சிவந்துவிட்டது. அவர் என்ன சொல்கிறார் என்று ஹென்றி அவனிடம் கேட்டார். மாரிசாமிக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். இவன் இப்போது என்னை இந்தக் கிழவர் முன்னால் கிழிக்கப்போகிறான், கிழிக்கட்டும் என்று நின்றான். செல்வராஜ் ஹென்றியைப் பார்த்து, நிதானமான இங்கிலீஷில், என் படம் நன்றாக வந்திருப்பதால் பரணில் என்னையே உட்காரச் சொல்கிறார் என்றான். பெரிய மனசு என்று ஹென்றி மாரிசாமியின் தோளைத் தட்டினார்.

அடித்திருந்தால் தேவலை என்று மாரிசாமிக்கு இருந்தது. கார், வீடு, தேதி விழுகிற கேமரா, இதையெல்லாம் ஓவர்டைம் பார்த்து என்றைக்காவது வாங்கிவிடலாம். மானத்தைக் காப்பாற்றின இந்த ஒரு வார்த்தையை எந்தக் கடையில் போய் வாங்குவது? அதுவும் செல்வராஜிடம்தான் இருந்தது. அன்றைக்குச் செல்வராஜ் சாப்பிடாமல் புறப்பட்டான். காரில் ஏறும்போது, சனிக்கிழமை நான் ஓடைப் பரணில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். அண்ணா என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சாந்தாமணி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்டி என்ற ஊர்ப் பக்கத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது, சொன்னீங்களே, அது வரைக்கும் சரி என்றாள்.

திறப்பு நாள், சனிக்கிழமை விடிந்தது. மாரிசாமி ரோட்டோரப் பரணில் இருந்தான். ஃப்ரீவேயில் போகிற லாரிகளை எண்ணினான். காற்று வடக்கிலிருந்து வந்தது. ஓடைப் பரணுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. இதே காற்றுக்காக நாலு வருஷம் காத்துக்கிடந்தது யார் என்று அவன் வயிறு கேட்டது. செல்வராஜுக்குக் கடா வராமல் போகட்டும் என்று ஒரு தரம் வேண்டிக்கொண்டான். பிறகு அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் திரும்ப வேண்டிக்கொண்டான். ஏழு மணி சுமாருக்கு ஓடைப் பக்கம் ஒரு வெடி. இன்னொன்றுக்காகக் காது கொடுத்தான். வரவில்லை. ஒரே வெடி என்றால் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

துப்பாக்கியை இறக்கிவிட்டு நடந்தான். கடா ஓடை மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. செல்வராஜ் பக்கத்தில் குந்தியிருந்தான். கத்தி உறையிலேயே இருந்தது. போன வருஷம் அவன் சுட்ட பெட்டை மானையும் மாரிசாமிதான் கிழித்துச் சுத்தம் பண்ணினான்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றான் செல்வராஜ், முகத்தைப் பார்க்காமல்.

"வெயில் ஏர்றதுக்குள்ள வயித்தைக் கிழிச்சுக் குடலை எடுக்கணும். எந்திரி."

மாரிசாமி சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கிழிப்பதற்கு முன்னால் கொம்பைப் பிடித்து எண்ணினான். பத்து. உடைந்ததையும் சேர்த்தால் பத்து. கொம்பு அவன் உள்ளங்கையில் சொரசொரவென்று, இன்னும் பனி ஈரத்தோடு இருந்தது. அதை விடுவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அறுக்கிறதுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றான் செல்வராஜ். பையிலிருந்து சின்னக் கேமரா ஒன்றை எடுத்து நீட்டினான். நீங்களும் வாங்க, ஹென்றியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம் என்று முனகினான். வேண்டாம் என்று மாரிசாமி கேமராவை வாங்கிக்கொண்டான்.

செல்வராஜ் கொம்பைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்தான். மாரிசாமி ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தான். சின்னக் கட்டத்துக்குள் காலை வெயில், ஓடை, கொம்பு, சகலையின் வெட்கப்பட்ட சிரிப்பு. அந்த மான், அந்தக் காற்று, அந்த இடம், எல்லாம் தன்னுடையது என்று உள்ளே ஒன்று அடம் பிடித்தது. அப்போதுதான் கேமராவைக் கொஞ்சம் இறக்கி முன்பக்கத்தைப் பார்த்தான். கட்டைவிரல் லென்ஸின் பாதியை மூடிக்கொண்டிருந்தது. அவன் வைக்கவில்லை, அதுவே போய் உட்கார்ந்திருந்தது.

"எடுத்தாச்சா?" என்றான் செல்வராஜ்.

"இரு," என்றான் மாரிசாமி. விரலை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டு, கேமராவின் அடியில் வைத்துப் பிடித்தான். "இப்பச் சிரி."

அமுக்கினான்.